ஹெலிகாப்டரின் சமநிலை யார் கையில்?

ரேடியோ கட்டுப்பாட்டில் பறக்கும் ஒரு மாடல் விமானத்தை நேராகப் பறக்கும்படி ஒழுங்காக ட்ரிம் செய்து மேலே ஏற்றிவிட்டால், ரிமோட்டின் குச்சிகளிலிருந்து விரலை எடுத்த பிறகும் அது சற்று நேரம் தன்பாட்டுக்குப் பறந்துகொண்டிருக்கும். இறக்கைகள் லேசாக மேல்நோக்கி உயர்ந்திருக்கும் விதமும் வாலின் பரப்பும் சேர்ந்து, வீசும் காற்றைக்கொண்டே அதை நேராக்கிவிடும். ஹெலிகாப்டருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஓரிடத்தில் மிதந்தபடி நிற்கும் ஹெலிகாப்டர் பார்வைக்குத்தான் அமைதியானது. அது இம்மியளவு சாய்ந்தால் ரோட்டாரின் தூக்குவிசையும் கூடவே சாயும். சாய்ந்த பக்கம் உடனே நகரத் தொடங்கும். அந்தச் சாய்வை நிமிர்த்த அதன் உடலமைப்பில் எதுவும் கிடையாது. உள்ளங்கையில் ஒரு கம்பைச் செங்குத்தாக நிறுத்திப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். கை ஓயாமல் நகர்ந்துகொண்டிருக்கும்வரைதான் கம்பு நிற்கும்.

முதன்முதலாக ஆர்சி ஹெலிகாப்டர் வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் விலையைக் கேட்கிறார்கள், அளவைக் கேட்கிறார்கள், எவ்வளவு நேரம் பறக்கும் என்று கேட்கிறார்கள். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இதன் சமநிலையை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? இயந்திர அமைப்பா, உள்ளே இருக்கும் மின்னணுச் சில்லா, அல்லது உங்கள் விரல்களா? கடையில் இருக்கும் எல்லா மாடல்களையும் இந்த ஒரு கேள்வியால் பிரித்துவிடலாம். இதற்குப் பதில் தெரியாமல் வாங்கிய ஹெலிகாப்டர்கள்தான் ஒரே வாரத்தில் பரணுக்குப் போகின்றன.

மாடல் ஹெலிகாப்டர் என்றால் பெரிய ஹெலிகாப்டரின் குட்டி நகல் என்றுதான் நினைப்போம். ஆனால், உலகப் புகழ்பெற்ற ஒரு பெரிய ஹெலிகாப்டரே மாடலிலிருந்துதான் பிறந்தது. ஆர்தர் யங் என்ற அமெரிக்கர் 1920களின் இறுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள், பென்சில்வேனியாவில் பட்டறை வைத்துக்கொண்டு சின்னஞ்சிறு ஹெலிகாப்டர்களைச் செய்து செய்து உடைத்தார். எல்லாமே ஒரே நோய்க்கு இரையாயின: மேலே எழும், ஊசலாடும், கவிழும். கடைசியில் ரோட்டார் தண்டின்மேல், பிளேடுகளுக்குக் குறுக்காக, இரு முனையிலும் எடை வைத்த ஒரு கம்பியைப் பொருத்தினார். வேகமாகச் சுழலும் எந்தப் பொருளும் தன் சுழல்தளத்தை எளிதில் விட்டுக்கொடுக்காது. உடல் சாய்ந்தாலும் அந்தக் கம்பி பழைய தளத்திலேயே சுற்றியது. அதோடு இணைக்கப்பட்டிருந்த பிளேடுகளின் கோணத்தைத் திருத்தி உடலை நிமிர்த்தியது. 1941இல், வயர் வழியே இயங்கிய ஒரு மின்மோட்டார் மாடலை பெல் விமான நிறுவனத்தாரின் கண்முன்னே அறைக்குள் பறக்கவிட்டுக் காட்டினார். அந்த வழியில் வந்த பெல் 47, 1946 மார்ச் 8 அன்று அமெரிக்காவில் பொதுப் பயன்பாட்டுக்கான சான்று பெற்றது. கண்ணாடிக் குமிழ் போன்ற முகப்போடு பழைய படங்களில் வருமே, அந்த ஹெலிகாப்டர்தான்.

ரேடியோவில் இயங்கும் மாடல் கைகூட இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. ஜெர்மனியின் டீட்டர் ஷ்லூட்டர் 1960களின் இறுதியில் அதைச் சாதித்தார். 1970களின் தொடக்கத்தில் அவருடைய ஹியூ கோப்ரா, வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் கிட்டாக விற்பனைக்கு வந்தது. அதிலிருந்து சுமார் நாற்பது ஆண்டுகள் ஏறக்குறைய எல்லா மாடல்களின் தலையிலும் யங்கின் கம்பியோ அதன் உறவினமோ சுற்றிக்கொண்டிருந்தது. 'ஃப்ளைபார்' என்று அதைச் சொல்வார்கள். இன்று அதன் வேலையை நகக்கண் அளவுள்ள கைரோ சில்லுகள் எடுத்துக்கொண்டுவிட்டன. புதிதாக வருபவர்களுக்கு இதைவிடப் பெரிய நல்வாய்ப்பு இந்தப் பொழுதுபோக்கில் நிகழவில்லை என்று உறுதியாகச் சொல்வேன்.

பொம்மைக் கடைகளில் அதிகம் கண்ணில் படுபவை ஒரே தண்டில் மேலொன்று கீழொன்றாக இரண்டு ரோட்டார் வைத்த கோஆக்சியல் வகை. ரோட்டார் ஒரு பக்கம் சுழன்றால் உடல் எதிர்ப்பக்கம் சுழலப் பார்க்கும். நியூட்டனின் மூன்றாம் விதி. சாதாரண ஹெலிகாப்டரில் இதைத் தடுப்பதற்காகவே வாலில் ஒரு சிறு ரோட்டார் இருக்கிறது. கோஆக்சியலில் இரண்டு ரோட்டார்களும் எதிரெதிராகச் சுழல்வதால் திருப்புவிசைகள் ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. இந்தியக் கடற்படையிடம் இருக்கும் கமோவ் கா-31 இப்படிப்பட்டது. செவ்வாய்க் கோளில் 2021 ஏப்ரல் 19 அன்று எழும்பிய நாசாவின் இன்ஜெனுவிட்டியும் இதே அமைப்புதான். 1.8 கிலோ எடை, 1.2 மீட்டர் ரோட்டார். ஐந்து முறை பறந்தால் போதும் என்று அனுப்பப்பட்ட அது, 72 முறை பறந்தது.

சைமா எஸ்107 போன்ற மூன்று சானல் கோஆக்சியல் பொம்மையைக் கையிலெடுத்தால், மேல் ரோட்டாருக்கும் உச்சியில் எடை வைத்த கம்பி ஒன்று இருப்பதைப் பார்க்கலாம். ஆர்தர் யங்கின் அதே கம்பி. சமநிலை முழுவதும் அதன் பொறுப்பு. ஏற்றலாம், இறக்கலாம், இடமாகவும் வலமாகவும் திருப்பலாம், வாலில் படுத்தவாறு இருக்கும் குட்டி விசிறி வாலைத் தூக்கினால் முன்னே போகும். பக்கவாட்டில் நகர்த்த மட்டும் வழியே இல்லை. ரிமோட் அகச்சிவப்புக் கதிரில் இயங்குவதால் வெயிலில் கட்டளை போய்ச் சேராது. மின்விசிறிக் காற்று பட்டாலே ஹெலிகாப்டர் அதோடு போய்விடும். பத்து வயதுப் பிள்ளைக்குப் பிறந்தநாள் பரிசு என்றால் தயங்காமல் இதை வாங்கிக் கொடுங்கள், மகிழ்ச்சிக்குக் குறைவிருக்காது. ஆனால் ஹெலிகாப்டர் ஓட்டக் கற்க வேண்டும் என்ற ஆசையோடு வருபவருக்கு இது போதாது. விரல்கள் கற்க வேண்டிய வேலையை அந்தக் கம்பி முழுக்கச் செய்துவிடுகிறது. இதில் ஆறு மாதம் பறந்தவர், ஒற்றை ரோட்டார் மாடலைத் தொட்ட முதல் நிமிடத்தில் திகைத்துப்போவார்.

ஒற்றை ரோட்டார் மாடல்தான் அசல் பள்ளிக்கூடம். அதில் நான்கு கட்டுப்பாடுகள் உண்டு: ஏற்ற இறக்கம், மூக்கைத் திருப்புவது, முன்பின் சாய்வு, பக்கச் சாய்வு. கடைசி இரண்டும் எப்படி நடக்கின்றன என்பதை, வாங்கியவுடன் மோட்டாரின் இணைப்பைக் கழற்றிவிட்டு மேசைமேல் வைத்துப் பார்க்கச் சொல்வேன். ரோட்டார் தண்டைச் சுற்றி ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு வளையங்கள் இருக்கும். இதற்கு ஸ்வாஷ்பிளேட் என்று பெயர். கீழ்வளையம் சுழலாது, சர்வோ மோட்டார்கள் அதைத் தள்ளியும் இழுத்தும் சாய்க்கும். மேல்வளையம் பிளேடுகளோடு சேர்ந்து சுழலும். இரண்டுக்கும் நடுவே பேரிங். வலக்குச்சியை முன்னால் தள்ளுங்கள். ஸ்வாஷ்பிளேட் முன்னால் சாயும். இப்போது ரோட்டாரைக் கையால் மெல்லச் சுற்றி, ஒரு பிளேடின் கோணத்தை மட்டும் கவனியுங்கள். முன்னோ பின்னோ வரும்போது கோணத்தில் பெரிதாக மாற்றம் இருக்காது. ஹெலிகாப்டரின் வலப்பக்கம் வரும்போது கோணம் கூடும். இடப்பக்கம் வரும்போது குறையும்.

முன்னால் சாய வேண்டிய ஹெலிகாப்டர் ஏன் பக்கவாட்டில் கோணத்தை மாற்றுகிறது? சுழலும் பொருளை ஓரிடத்தில் உந்தினால் அதன் விளைவு சுழலும் திசையில் சுமார் 90 பாகை தள்ளித்தான் தெரியும். மாடல் ஹெலிகாப்டர்களின் ரோட்டார் மேலிருந்து பார்த்தால் பெரும்பாலும் கடிகாரச் சுற்றில் ஓடும். வலப்பக்கத்தில் கூடுதல் உந்துதல் பெற்ற பிளேடு, கால் சுற்று கடந்து பின்பக்கம் வரும்போதுதான் உயரத்துக்குப் போகிறது. ரோட்டார் தட்டு முன்னால் கவிழ்கிறது. கணிதமாகப் படித்தால் குழப்பும் இந்த இயற்பியல், மேசைமேல் இரண்டு நிமிடத்தில் கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

ஒற்றை ரோட்டார் மாடல்களிலும் இரண்டு குலம் உண்டு. ஃபிக்ஸட் பிட்ச் வகையில் பிளேடுகளின் பொதுவான கோணம் மாறாது. உயர வேண்டுமென்றால் மோட்டார் வேகமாகச் சுற்ற வேண்டும், இறங்க வேண்டுமென்றால் மெதுவாக. சுழலும் ரோட்டாருக்கு நிலைமம் இருப்பதால் வேகம் கூடவும் குறையவும் நொடியின் ஒரு பகுதி பிடிக்கும். நீங்கள் குச்சியைத் தள்ளியதற்கும் ஹெலிகாப்டர் கேட்பதற்கும் நடுவே அந்தத் தாமதம் எப்போதும் இருக்கும். எதிர்காற்றில் இது வெளிப்படையாகத் தெரியும்: காற்று அடித்ததும் மாடல் மேலே மேலே போகும், மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைக் குறைத்தாலும் சட்டென்று இறங்காது. கலெக்டிவ் பிட்ச் வகையில் ரோட்டார் ஒரே வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்க, எல்லா பிளேடுகளின் கோணமும் சேர்ந்து மாறும். கட்டளைக்கு உடனே பதில் கிடைக்கும். கோணத்தை எதிர்மறையாக்கித் தலைகீழாகவும் பறக்கலாம். மோட்டார் நின்றுபோனாலும், இறங்கும்போது கீழிருந்து வரும் காற்றில் ரோட்டாரைச் சுழலவைத்துப் பத்திரமாகத் தரையிறக்கலாம். பாகங்கள் அதிகம், விலை அதிகம், உடைந்தால் செலவும் அதிகம்.

பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்புவரை ஒரு பொது அறிவுரை வழக்கில் இருந்தது: சின்ன மாடல் துள்ளும், பெரியது நிதானமாக இருக்கும், அதனால் நேராக 450 அளவுக்குப் போ. அலைன் நிறுவனத்தின் டிரெக்ஸ் 450 அந்தக் காலத்தின் அடையாளம். அன்றைக்கு அது சரியான அறிவுரை. பெரிய ரோட்டாருக்கு நிலைமம் அதிகம்; மெதுவாகத்தான் சாயும்; விரலுக்கு யோசிக்க நேரம் கிடைக்கும். அந்த அறிவுரை இன்றும் சொல்லப்படுவதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. அன்று சின்ன மாடல்களில் நல்ல கைரோ கிடையாது. இன்று கைபேசியில் இருப்பது போன்ற உணர்சில்லுகள் 50 கிராம் மாடலிலும் இருக்கின்றன. நொடிக்குப் பல நூறு முறை அசைவை அளந்து சர்வோக்களைத் திருத்துகின்றன. நிதானத்துக்காகப் பெரியதை வாங்க வேண்டிய கட்டாயம் போய்விட்டது. பெரியதன் ஆபத்து மட்டும் அப்படியே இருக்கிறது.

அந்த ஆபத்தைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். 450 அளவு மாடலின் ரோட்டார் குறுக்களவு ஏறக்குறைய 70 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 2,800 சுற்று என்று வைத்துக்கொண்டால், பிளேடின் முனை நொடிக்கு 100 மீட்டருக்கு மேல், அதாவது மணிக்குச் சுமார் 370 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. இரண்டு கார்பன் பிளேடுகளும் தலா 35 கிராம் என்று கொண்டால் ரோட்டாரில் தேங்கியிருக்கும் இயக்க ஆற்றல் தோராயமாக 120 ஜூல். 700 கிராம் எடையுள்ள அந்த ஹெலிகாப்டர் முழுவதும் ஆறு மாடி உயரத்திலிருந்து விழுந்தால் கிடைக்கும் ஆற்றல் அது. அவ்வளவும் ஒரு பிளேடின் மெல்லிய விளிம்பில் வந்து மோதும். சின்ன மாடலுக்கும் இதே கணக்கைப் போடுங்கள்: ஒரு கிராம் எடையும் 12 சென்டிமீட்டர் நீளமும் கொண்ட பிளேடு, நிமிடத்துக்கு 5,000 சுற்று, ஆற்றல் ஒன்றரை ஜூலைத் தொடாது. இரண்டுக்கும் ஏறக்குறைய நூறு மடங்கு வித்தியாசம். சின்னது விரலில் பட்டால் வலிக்கும், தோல் கிழியலாம். பெரியது பட்டால் விரல் போகும். 2013இல் நியூயார்க்கில், நன்றாகப் பறக்கத் தெரிந்த 19 வயது இளைஞர் ஒருவர் தன் பெரிய மாடலே தாக்கி இறந்தார். தொடங்குபவர் கையில், குழந்தைகள் ஓடியாடும் மைதானத்தில், 450ஐக் கொடுக்க நான் எக்காலத்திலும் சம்மதிக்க மாட்டேன்.

சின்னது விழுந்தாலும் பிழைக்கும். 50 கிராம் மாடல் மூன்று மீட்டரிலிருந்து விழுந்தால் ஒன்றரை ஜூல்; புல்தரையில் பெரும்பாலும் எடுத்துத் துடைத்துவிட்டு மறுபடி ஏற்றலாம். முதல் ஹெலிகாப்டர் விழுந்தே தீரும் என்பதால், பறக்கும் அழகைவிட விழுந்த பிறகு என்ன ஆகும் என்பதுதான் தேர்வை முடிவு செய்ய வேண்டும்.

இனி உள்ளே இருக்கும் மின்னணுவியல். விளம்பரங்களில் 3ஜி, 6ஜி என்று போட்டிருப்பார்கள். கைபேசிச் சேவைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 3ஜி, அதாவது மூன்று அச்சு என்றால் கைரோ மட்டும். கைரோ எவ்வளவு வேகமாகச் சாய்கிறது என்பதை அளக்கும். நீங்கள் கேட்காத சாய்வைத் தடுக்கும். எது மட்டம் என்பது அதற்குத் தெரியாது. 20 பாகை சாய்த்துவிட்டுக் குச்சியை நடுவுக்குக் கொண்டுவந்தால் அந்தச் சாய்விலேயே நின்று, வழுக்கிக்கொண்டே போகும். 6ஜி, அதாவது ஆறு அச்சு என்றால் கைரோவோடு முடுக்கமானியும் சேர்கிறது. அது புவியீர்ப்பின் திசையை அறிவதால், குச்சியை விட்டவுடன் ஹெலிகாப்டர் தானாக மட்டத்துக்குத் திரும்பும். பதற்றத்தில் விரலை எடுத்துவிடும் தொடக்கநிலையாளரைக் காப்பாற்றுவது இதுதான். இரண்டு முறைக்கும் மாற்றிக்கொள்ளும் சுவிட்ச் உள்ள மாடலைத் தேடுங்கள். இன்று 6ஜியில் தொடங்கி, கை பழகியபின் அதே ஹெலிகாப்டரில் 3ஜிக்குப் போகலாம்.

6ஜியிலும் ஒன்று நடக்கும். அதைப் பார்த்துப் பொருளே பழுது என்று பலர் கடைக்குத் திருப்பிக் கொண்டுபோகிறார்கள். காற்றில்லாத அறையில் ஏற்றினாலும் மாடல் மெல்ல இடப்பக்கம் நகரும். வால் ரோட்டார் உடலின் சுழற்சியைத் தடுக்கப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கிறது. அந்தத் தள்ளல் முழு ஹெலிகாப்டரையும் இடப்பக்கம் கொண்டுபோகும். ஓரிடத்தில் நிற்க வேண்டுமானால் ரோட்டார் இம்மியளவு வலப்பக்கம் சாய்ந்திருக்க வேண்டும். முடுக்கமானி மட்டம் என்று நினைக்கும் நிலை வேறு, நகராமல் நிற்கும் நிலை வேறு. ட்ரிம் பொத்தானை வலப்பக்கம் சிலமுறை அழுத்தினால் சரியாகிவிடும்.

பெயர் சொல்லிக் கேட்பவர்களுக்கு என் விருப்ப வரிசை இது. கையில் பணம் குறைவு, வீட்டுக் கூடம்தான் இடம் என்றால் டபிள்யூஎல்டாய்ஸ் வி911எஸ்: நான்கு சானல், ஃபிக்ஸட் பிட்ச், ஆறு அச்சு. இன்னும் கொஞ்சம் செலவழிக்க முடியும், இந்தக் கலையில் நெடுநாள் இருக்கப் போகிறோம் என்று தோன்றினால் எக்ஸ்கே கே110. சின்ன உருவம். ஆனால் முழுமையான கலெக்டிவ் பிட்ச். முதன்மை மோட்டார் பிரஷ்லெஸ் என்பதால் நீடித்து உழைக்கும். 3ஜி-6ஜி சுவிட்ச் உண்டு. திறந்த மைதானமும் தாராளமான பட்ஜெட்டும் இருப்பவருக்கு ஹொரைசன் ஹாபியின் பிளேடு 230 எஸ்: நிலைமாறித் தடுமாறும்போது பொத்தானை அழுத்தினால் தானாக நிமிர்ந்துகொள்ளும். ஓஎம்பி ஹாபி எம்2, கூஸ்கை எஸ்2 போன்றவை அருமையான பொறியியல். இரண்டாவது ஹெலிகாப்டராக அவற்றை நினைத்துக்கொள்ளுங்கள். சில புதிய மாடல்களில் காற்றழுத்தமானி வைத்து உயரத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் வசதி வருகிறது. வேடிக்கைக்கு நல்லது. ஆனால் இடக்கைப் பெருவிரல் கற்க வேண்டிய பாடம் அதில் போய்விடுகிறது. அணைத்துவைக்க முடியாத மாடலென்றால் விட்டுவிடுங்கள்.

ஹெலிகாப்டருக்கு முன்பே வாங்க வேண்டியது டிரான்ஸ்மிட்டர். பெட்டியோடு வரும் ரிமோட்டுகளில் பல, குச்சி குட்டையானவை, துல்லியம் குறைந்தவை, அந்த ஒரு மாடலுக்கு மட்டும் ஆனவை. 2.4 கிகாஹெர்ட்ஸில் பல நிறுவனங்களின் ரேடியோ மொழியையும் பேசும் டிரான்ஸ்மிட்டர்கள் இன்று கைக்கெட்டும் விலையில் கிடைக்கின்றன. அடுத்தடுத்து வாங்கும் மாடல்களுக்கும் அதுவே போதும். த்ராட்டில் இடக்கையில் இருக்கும் மோட் 2 எடுங்கள். கடைகளில் பெரும்பாலும் கிடைப்பது அதுதான், சொல்லிக்கொடுப்பவர்களும் அதில்தான் பழகியிருப்பார்கள். நல்ல டிரான்ஸ்மிட்டரை யுஎஸ்பி வயரில் கணினியோடு இணைத்து ரியல்ஃப்ளைட், நெக்ஸ்ட், அக்யூஆர்சி போன்ற சிமுலேட்டர்களில் பறக்கலாம். அங்கே விழுந்தால் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், ஹெலிகாப்டர் மறுபடி முழுசாக நிற்கும். கைபேசித் திரையைத் தடவிப் பழகும் விளையாட்டுகள் இதற்கு ஈடாகாது. குச்சியின் எதிர்ப்பு விரலுக்குத் தெரிய வேண்டும். சிமுலேட்டரில் வாலைப் பார்த்தபடி ஒரு நிமிடம் ஓரிடத்தில் நிறுத்த முடிகிறவரை அசல் மாடலின் பேட்டரியைச் செருகாமல் இருப்பது நல்லது.

இடமும் காற்றும் அடுத்தது. புதியவர்கள் பயத்தில் தரையை ஒட்டியே பறக்கப் பார்க்கிறார்கள். அதுதான் எல்லாவற்றிலும் கடினமான இடம். ரோட்டார் கீழே தள்ளும் காற்று தரையில் மோதித் திரும்பி வருவதால், ஒரு ரோட்டார் குறுக்களவு உயரத்துக்குள் ஹெலிகாப்டர் தன் காற்றிலேயே தத்தளிக்கும். 25 சென்டிமீட்டர் ரோட்டார் உள்ள மாடலை முழங்கால் உயரத்துக்கு ஏற்றிவிட்டால் அது தெளிந்துவிடும். சுவருக்கும் மூலைக்கும் பக்கத்தில் இதே தொல்லை வேறு வடிவில் வரும். அறையின் நடுவே நில்லுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். வெளியே என்றால் இலை அசையாத காலை நேரம். உயரத்திலிருந்து நேர்க்குத்தாக வேகமாக இறக்காதீர்கள். தான் கீழே தள்ளிய காற்றுக்குள்ளேயே ரோட்டார் இறங்கினால் தூக்குவிசை திடீரென்று போய்விடும், த்ராட்டிலைக் கூட்டினாலும் திரும்பக் கிடைக்காது. முன்னால் நகர்ந்தவாறே இறக்கினால் புதிய காற்று கிடைக்கும். இந்தியாவின் 2021ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளில் 250 கிராம் வரையுள்ளவை நானோ வகை; அவற்றைப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் கேட்பதில்லை.  விமான நிலையத்துக்கோ ராணுவ இடத்துக்கோ அருகில் வசிப்பவர்கள் எடையைப் பாராமல் வான்வெளி வரைபடத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

லித்தியம் பாலிமர் பேட்டரிதான் இதன் இதயம், இதன் நெருப்பும் அதுதான். ஒரு செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.7 வோல்ட், முழுதாக நிரம்பினால் 4.2, 3.3க்குக் கீழே போகவிட்டால் சீக்கிரம் சாகும். ஒருமுறை ஏற்றினால் ஐந்தாறு நிமிடம் பறக்கலாம். ஆகவே நாலைந்து பேட்டரி சேர்த்தே வாங்குங்கள். பறந்து வந்த பேட்டரி தொட்டால் சுடும். அது ஆறும்வரை சார்ஜில் போடக்கூடாது. ஒரு வாரம் பறக்கப் போவதில்லை என்றால் 3.8 வோல்ட் அளவில் வைத்து எடுத்துவையுங்கள். பொருமிய பேட்டரியை ஆசைக்காக இன்னொரு முறை பயன்படுத்தாதீர்கள். வீட்டில் ஆளில்லாதபோது சார்ஜ் செய்வதும், மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் விட்டுப்போவதும் தீயை அழைப்பது.

கடைக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்வியில் முக்கியமானது உதிரி பாகங்கள் கிடைக்குமா என்பது. பிளேடு, முதன்மைத் தண்டு, பிளேடு பிடிப்பான்களை இணைக்கும் ஃபெதரிங் தண்டு, பெரிய பல்சக்கரம், வால் மோட்டார், கால்சட்டம்: இந்த ஆறும் தனித்தனியாகக் கிடைக்காத மாடல், எவ்வளவு மலிவாக இருந்தாலும் ஒரே விபத்துக்குத்தான். ஹெலிகாப்டரோடு சேர்த்தே இரண்டு ஜோடி பிளேடும் ஒரு ஃபெதரிங் தண்டும் வாங்கிவிடுங்கள். விழுந்த பிறகு நடுக்கத்தோடு பறந்தால் பலர் பிளேடை மாற்றிப் பார்த்துவிட்டு மோட்டாரைச் சந்தேகிப்பார்கள். ஃபெதரிங் தண்டைக் கழற்றி ஒரு கண்ணாடித் துண்டின்மேல் வைத்து விரலால் உருட்டுங்கள். நேரான தண்டு சீராக ஓடும். வளைந்தது தத்தித் தத்திப் போகும். கண்ணாடிக்கும் தண்டுக்கும் நடுவே வெளிச்சக் கீற்று தோன்றி மறையும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாத வளைவும் கண்ணாடியில் தப்பாது. பல்சக்கரத்தில் ஒரு பல் போயிருந்தால் ரோட்டாரைக் கையால் சுற்றும்போது ஒரே இடத்தில் இடறும்.

சேதத்தைக் குறைக்கும் பழக்கம் ஒன்றை முதல் நாளிலேயே விரலுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். மோதப் போகிறது என்று தெரிந்த கணத்தில் மோட்டாரை நிறுத்துங்கள். மனம் இதற்கு நேர்மாறாகத்தான் தூண்டும். கீழே போவதைப் பார்த்ததும் த்ராட்டிலை மேலே தள்ளத் தோன்றும். பிளேடு தரையில் அடிக்கும்போது மோட்டார் முழு விசையில் இருந்தால் பல்சக்கரம் சிதறும், சுழல முடியாத மோட்டாரில் மின்னோட்டம் ஏறிக் கட்டுப்பாட்டுச் சில்லு எரியும். மோட்டாரை உடனே நிறுத்தும் த்ராட்டில் ஹோல்ட் சுவிட்ச் எந்த விரலுக்கு எட்டும் இடத்தில் இருக்கிறது என்பதை டிரான்ஸ்மிட்டர் வாங்கும்போதே பார்த்துவிடுங்கள். ஹெலிகாப்டரைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தச் சுவிட்ச் போட்டிருக்க வேண்டும்.

வாலைப் பார்த்தபடி நிறுத்தப் பழகியதும் ஹெலிகாப்டரைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்துங்கள். முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம். கடைசியாக மூக்கு உங்களைப் பார்க்கட்டும். அப்போது குச்சியை இடப்பக்கம் தள்ளினால் ஹெலிகாப்டர் உங்கள் வலப்பக்கம் போகும். முன்னால் தள்ளினால் உங்களை நோக்கி வரும். எந்தக் கைரோவும் இந்தக் குழப்பத்தைத் தீர்த்துவைக்காது. மட்டத்தைச் சில்லு பார்த்துக்கொள்ளலாம், திசையை உங்கள் மூளைதான் பார்க்க வேண்டும். சாயும் பக்கத்துக்கே குச்சியைத் தள்ளு, தாங்கிக்கொள்ளும் என்பது இதற்குப் பலர் சொல்லும் குறுக்குவழி. முதல் சில நாட்களுக்கு உதவும். ஒரு பேட்டரி முழுவதும் மூக்கைப் பார்த்தபடி உங்களால் ஓரிடத்தில் நிறுத்த முடிந்தால் 3ஜிக்கு மாற்றிப் பார்க்கலாம். முதல் தடவை மாற்றும்போது புல்தரைக்கு மேல், தலையைவிட உயரத்தில், வாலை உங்கள் பக்கம் வைத்துக்கொண்டு மாற்றுங்கள். குச்சியை நடுவில் விட்டால் இனி அது நிமிராது, நீங்களேதான் நிமிர்த்த வேண்டும்.